இரண்டு சேனலுக்குள் ஒரு மண்டபம்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வாங்கி மாட்டியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "பாட்டுப் போட்டா முன்னாடி இருக்கிற ரெண்டுதான் சார் பாடுது, மத்ததெல்லாம் சும்மா இருக்கு." காரணம், பாட்டு ஸ்டீரியோ. அதில் இடது, வலது என்று இரண்டே சேனல். பின்னால் இருக்கிற ஸ்பீக்கருக்குக் கொடுக்க அதில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒரு கழித்தல் கணக்குப் போதும். பாடுகிறவர் குரலை ஒலிப்பதிவு செய்யும் நாங்கள் நடுவில் வைப்போம். அதாவது இரண்டு சேனலிலும் ஒரே அளவு. இடதிலிருந்து வலதைக் கழித்தால் குரல் போய்விடும். ஓரங்களில் இருக்கும் வாத்தியங்கள் மிஞ்சும். சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியும் மிஞ்சும்; அது இரண்டு மைக்குக்கும் ஒரே மாதிரி வந்து சேராது, அதனால் கழித்தாலும் அழியாது.

நீங்களே செய்து பார்க்கலாம். ஆடாசிட்டி என்று ஒரு இலவச மென்பொருள். அதில் ஒரு கச்சேரிப் பதிவைத் திறந்து, ஸ்டீரியோ டிராக்கை இரண்டு மோனோ டிராக்காகப் பிரியுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து 'இன்வெர்ட்' கொடுத்துவிட்டு, இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள்.

நான் ஒரு சபாவில் எடுத்த பதிவை இப்படிக் கேட்டிருக்கிறேன். குரல் எங்கோ விலகிப் போயிற்று. மேல் ஸ்தாயியில் நிறுத்திய பிறகும் கூரைக்கடியில் நீண்ட கார்வை, யாரோ தொடையில் தாளம் போட்டது, பின் வரிசை இருமல், ஒரு பெரியவர் சொன்ன 'பேஷ்' எல்லாம் துலக்கமாக வந்தன. பாட்டு கழிந்து மண்டபம் மிஞ்சியது. பின் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சரக்கு இதுதான்.

இதை 1970 வாக்கிலேயே அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்லர் என்பவர் வெறும் வயரை வைத்தே செய்து காட்டினார். ஆம்ப்ளிஃபையரின் இடது, வலது இரண்டு பாசிட்டிவ் முனைகளுக்கும் இடையே ஒரு ஸ்பீக்கரை இணைத்தார். அதில் வித்தியாசம் மட்டுமே ஒலித்தது. தயவுசெய்து இன்றைய ஆம்ப்ளிஃபையர்களில் இதை முயலாதீர்கள், பலவற்றின் உள்ளமைப்பு வேறு, எரிந்துபோகக்கூடும். கம்ப்யூட்டரிலேயே கழித்துவிடலாம். திரையரங்குக்கு வந்த டால்பி ஸ்டீரியோவும் இந்த முறையின் உறவுக்காரர்தான். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், நான்கு சேனல்களை ஃபிலிமின் இரண்டு தடங்களுக்குள் மடித்து வைத்திருந்தார்கள்; சுற்றொலியை வித்தியாசமாகத்தான் ஒளித்தார்கள்.

அடுத்தது தாமதம். 1949இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் விளக்கியது: ஒரே ஒலி இரண்டு இடத்திலிருந்து வந்தால், முதலில் வந்த திசையையே காது நம்பும். சில மில்லி நொடி பிந்தி வருவது தனி ஒலியாகத் தெரியாது, இடம் விரிந்தது போலத் தெரியும். அதனால் பின் ஸ்பீக்கரைப் பத்து, இருபது மில்லி நொடி பிந்தவிட வேண்டும். அப்போது வயலின் மேடையிலேயே இருக்கும், முதுகுக்குப் பின்னால் குதிக்காது. ஒரு நண்பர் வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரே சத்தத்தில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தன. பின்னால் இருந்த இரண்டையும் குறைத்து, தாமதம் கொடுத்ததும் அவர் நாற்காலியை நடுவுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பச்சை ஜாக் முன் ஸ்பீக்கருக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கருக்கு, ஆரஞ்சு நடுவுக்கும் சப்வூஃபருக்கும். விண்டோஸின் ஒலி அமைப்பில் 5.1 என்று தேர்ந்து, ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சோதியுங்கள். டிரைவரில் 'ஸ்பீக்கர் ஃபில்' என்று இருந்தால் நம்பிவிடாதீர்கள், அது பெரும்பாலும் முன்னால் இருப்பதையே நகலெடுத்துப் பின்னால் கொட்டும். ஃபூபார்2000 பிளேயரில் ஃப்ரீசரவுண்ட் என்ற துணை நிரல் நன்றாகப் பிரிக்கும். லினக்ஸ்காரர்களுக்குப் பைப்வயர் என்ற ஒலி மென்பொருளிலேயே இந்த வித்தியாச முறை உண்டு. தாமதம் 12 மில்லி நொடி என்று அதுவே வைத்திருக்கும்.

குறைந்த பிட்ரேட் எம்பி3 கோப்பை மட்டும் தவிருங்கள். சுருக்கும்போது முதலில் அடிபடுவது இந்த வித்தியாசம்தான். பின் ஸ்பீக்கரில் வெறும் கரகரப்பு வரும். அறுபதுகளின் சினிமாப் பாட்டு பெரும்பாலும் மோனோ, கழித்தால் பூஜ்யம். அவற்றை முன்னால் இருந்தே ரசியுங்கள்.

நேரம் நெருங்குகிறது. ஸ்டுடியோப் பாட்டைவிட நேரடிக் கச்சேரிப் பதிவில் இது எடுபடும், அதனால் முதலில் அப்படி ஒன்றைப் போடுங்கள். பின் ஸ்பீக்கர் ஓடுவது தெரியாத அளவுக்குச் சத்தத்தை இறக்கி, பிறகு அதை நிறுத்திப் பாருங்கள். அறை சட்டென்று சுருங்கியது போல இருந்தால் அமைப்பு சரி. இந்த வாரம் உங்கள் வீட்டில் அது வாய்க்கட்டும்.