சுண்டிக்குளத்துப் பற்றைக்காடு

சண்டிலிப்பாயிலிருந்து வைகறையிற் புறப்பட்டு, ஆனையிறவைக் கடந்து கிழக்கே செல்வோர், 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பெற்ற சுண்டிக்குளத்தின் பற்றைக்காட்டையும் கண்டற் காட்டையும் பனந்தோப்பையும் ஏககாலத்திற் கண்டு ஆனந்திக்கலாம்.

வடகீழ்ப் பருவமழை பெய்து கடனீரேரி நிறைந்த பின்னர், தூரதேசங்களிலிருந்து வரும் பட்சிகளோடு பூநாரைகளும் அங்கே கூடும். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாவினால் நீரை உறிஞ்சி வெளியேற்றி, சிற்றுயிர்களை மாத்திரம் அரித்துண்ணும் அவற்றின் சாதுரியம் அற்புதமானது. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அவற்றின் இறகுக்குச் செவ்வண்ணம் அளிக்கிறது.

உரத்த பேச்சும் வாகன ஒலியும் அவற்றின் மேய்ச்சலைக் குலைத்துவிடும் ஆதலால், அங்கே செல்லும் நாம் மௌனம் காப்பதும், ஒரு பொலித்தீன் பையையேனும் விட்டுவராதிருப்பதும் நமது தர்மமாகும்.