நான்கு தேயிலைப் பொட்டலங்கள்

சென்னிமலையில் தறிச் சத்தம் எழும் நேரம். கையில் டீ கிளாஸோடு கேட்பவர்களுக்கு, இன்று ஒரு தேயிலைக் கதை.

1962-இல் சதீஷ்குமார், இ.பி.மேனன் என்ற இரு நண்பர்கள் டெல்லியில் காந்தி சமாதியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். அணுகுண்டு வேண்டாம் என்று வல்லரசுத் தலைநகரங்களுக்கே போய்ச் சொல்வதுதான் நோக்கம். வினோபா பாவே சொன்ன யோசனைப்படி, மடியில் காலணா கிடையாது.

சோவியத் நாட்டில், கருங்கடல் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. வாசலில் நின்ற இரண்டு பெண்கள் விவரம் கேட்டார்கள். உள்ளே அழைத்து உபசரித்தார்கள்.

ஒருவர் எழுந்து ஓடிப்போய் நான்கு தேயிலைப் பொட்டலங்களோடு வந்தார். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் தலைவர்களுக்கு ஆளுக்கொன்று! குண்டு வீசும் பொத்தானை அமுக்கத் தோன்றினால், முதலில் ஒரு டீ குடித்துவிட்டு யோசிக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்.

சுமார் 8,000 மைல் பயணத்தில், நான்கு பொட்டலங்களும் அந்தந்தத் தலைநகரில் ஒப்படைக்கப்பட்டன.