திரைக்கு ஓர் உரைகல்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய பேச்சின் பொருளைச் செயலாளர் வாசித்தபோது உங்களுட் சிலர் புன்னகை செய்ததைக் கண்டேன். கணினித் திரையில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி ஒன்று. திரையில் நாம் தொட்டுக் காட்டும் இடத்தின் நிறத்தை எண்ணாகச் சொல்லும் நிறமறி கருவி மற்றொன்று. இதனை ஆங்கிலம் பழகியோர் கலர் பிக்கர் என்பர். இவை கொழும்பிலே குளிரூட்டிய அறையில் இருந்து செயலிகளுக்கு முகம் வரைவோருக்கு உரியவை, வெருகலுக்கு இவற்றால் ஆவது என்ன என்று கேட்பது நியாயமே.

நமது இளைஞர் இப்பொழுது சுவரொட்டியைத் தூரிகையால் எழுதுகின்றார்களா? திருவிழா அறிவித்தல், இரத்ததான முகாம், மரண அறிவித்தல் யாவும் கைத்தொலைபேசியில் வரையப்பட்டு வட்ஸ்அப் வழியே வீடு வீடாகப் போகின்றன. அறிந்தோ அறியாமலோ அவர்களும் திரை வடிவமைப்பாளர்களே. அவர்கள் வரைவதை வாசிக்கவேண்டியவர்களோ இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார்கள்.

பொற்கொல்லர் தங்கத்தின் மாற்றைத் தம் கண்ணை மட்டும் நம்பிச் சொல்வதில்லை. உரைகல்லில் உரைத்துப் பார்க்கின்றார். நுண்ணிய வேலைக்குக் கண்ணாடியை இடுக்கிக்கொள்கின்றார். திரைவேலைக்கும் அவ்விரண்டும் வேண்டும். நிறமறி கருவியே உரைகல், உருப்பெருக்கியே கண்ணாடி.

முதலில் கண்ணாடியைச் சொல்கின்றேன். உங்கள் தொலைபேசித் திரையில் வெள்ளைப் பகுதி ஒன்றன்மேல் ஒரு சிறு துளி நீரை வைத்துப் பாருங்கள். துளி வில்லையாகிச் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும். வெள்ளை என்று நாம் நினைத்தது அம்மூன்றின் கூட்டு. மூன்று நிறங்களாற் பிற நிறங்களை ஆக்கலாம் என்பதை ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1861இல் இலண்டனிலே ஒரு வர்ண நாடாவின் படத்தைக் கொண்டு மெய்ப்பித்தார். திரைக்குள் இருக்கும் உருப்பெருக்கியோ இப்புள்ளிகளைக் காட்டாது. அது கணினி வைத்திருக்கும் கணக்கையே பெருக்குவது. ஒவ்வொரு பிக்சலும் கோலத்துக் கட்டம்போல ஒரு சதுரமாக விரியும்.

கோலம் என்றதும் நினைவுக்கு வருகின்றது. 1984இல் வெளிவந்த மக்கின்ரொஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர் என்னும் அம்மையார், கட்டம் போட்ட தாளிலே 32க்கு 32, அஃதாவது 1024 சதுரங்களை நிரப்பியே அவற்றை உருவாக்கினார். அதே ஆண்டு பில் அட்கின்சன் எழுதிய மக்பெயின்ற் மென்பொருளில் ஒவ்வொரு புள்ளியையும் பருப்பித்துத் திருத்தும் வசதி இருந்தது. புள்ளிக் கணக்கிலே நம் தாய்மார் அவர்களுக்கு இளைத்தவர் அல்லர்.

நிற்க. தமிழுக்கு இந்தக் கண்ணாடி இரட்டிப்பு அவசியம். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் சிறு அளவிலே எப்படித் தெரிகின்றன என்று பெருக்கிப் பாருங்கள். சுழிகள் அடைபட்டுப் பணியும் பனியும் ஒன்றாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியோ ஒரேயொரு வெளிறிய சதுரமாகி நிற்கும். ஓலைச்சுவடியில் எழுதினோர், ஓலை பொத்தலாகிவிடும் என்று புள்ளியிடாது விட்டனர். வாசித்தவர் பயிற்சியால் ஊகித்துக்கொண்டனர். அச்சு வந்து மீட்டுத் தந்த அந்தப் புள்ளியைக் கைத்தொலைபேசியில் மீண்டும் தொலைத்துவிடலாமா?

இனி உரைகல். ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றையும் கலந்தால் 1,67,77,216 நிறங்கள். எழுத்தின் எண்ணையும் பின்னணியின் எண்ணையும் எடுத்து அவற்றின் ஒளி விகிதத்தைக் கணக்கிடலாம். 2008இல் வெளியான இணைய அணுகல் நெறியின்படி, சாதாரண எழுத்துக்கு அது 4.5க்குக் குறையக் கூடாது. பெரிய எழுத்துக்கு 3 போதும். வெள்ளையிற் கறுப்பு எழுதினால் 21. அதுவே உச்சம்.

இதோ சில கணக்குகள். வெள்ளையில் 118, 118, 118 என்ற சாம்பல் 4.54 பெற்று மயிரிழையில் தேறுகின்றது. 153, 153, 153 என்ற சாம்பல் 2.85. அழகு என்று கருதி இளைஞர் பலர் விரும்புவது இதனையே! காவி நிறம், 255, 153, 51 என வைத்தால், வெள்ளையில் 2.1 மட்டுமே; கருஞ்சிவப்பின் மேல், 128, 0, 0 என வைத்தால், அதே காவி 5ஐத் தாண்டுகின்றது. மஞ்சளை வெள்ளையில் எழுதினால் 1.07, எழுதாமலே விட்டிருக்கலாம். இவை எல்லாவற்றினும் வியப்பானது, பச்சைப் பின்னணியிற் சிவப்பெழுத்து. கண்ணைப் பறிக்கும் என்று நாம் நம்புவது. சிவப்பு 255, 0, 0, பச்சை 0, 128, 0, விகிதம் 1.28. நிறம் வேறு, ஒளி வேறு என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடைய ஆடவர் எவ்வூரிலும் உண்டு. அவர்களுக்கு அந்த அறிவித்தல் ஒரு வெற்றுத் தாள்.

இந்தக் கணக்கில் இரு பக்கமும் 0.05 என்ற சிறு தொகை கூட்டப்படுகின்றது. சுற்றொளி திரையிற் பட்டுத் திரும்புவதற்காக அது வைக்கப்பட்டுள்ளது. அறைக்குள் அது போதும். வயல் வரம்பில் நிற்பவருக்கும், ஆற்று முகத்திலே தோணியில் இருப்பவருக்கும் நண்பகல் வெய்யிலில் அது போதுமா? ஆகவே 4.5 நமக்குத் தரை. அதில் நின்றுவிடாமல் 7க்கு மேல் வைப்பதே நம்மூருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளிக்கின்றது, பாவையும் சுருங்குகின்றது. உள்ளே செல்லும் ஒளி குறைகின்றது. இருபது வயதினர் தம் கண்ணால் ‘நன்றாகத் தெரிகின்றதே’ என்று சொல்வது சான்றாகாது.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தின் செயலியில், ‘உறுதிசெய்’ என்ற சொல் வெளிறிய சாம்பலில் இருந்தது. எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர், மகன் அனுப்பிய பணம் வந்ததோ என்று அறிய அயல் வீட்டுப் பையனிடம் தொலைபேசியைக் கொடுத்தார். இரகசிய இலக்கத்தையும் உரக்கச் சொன்னார். அவருக்கு எழுத வாசிக்க நன்றாகத் தெரியும். தம் பணக்கணக்கை ஊரறியச் சொல்ல வைத்தது அந்தச் சாம்பல் நிறமே.

கருவிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் கூட்டல் விசையையும் சேர்த்து அழுத்தினால் உருப்பெருக்கி வரும். அதன் அமைப்பிலே விளிம்புகளை மழுப்பும் வசதியை நிறுத்திவிட்டால்தான் சதுரங்கள் தெளிவாகும். மைக்ரோசொவ்ற்றின் பவர்டோய்ஸ் தொகுப்பில் 2020 முதல் நிறமறி கருவி இலவசமாக உண்டு. அப்பிள் கணினியில் டிஜிட்டல் கலர் மீட்டர் என்ற பெயரில் அது கூடவே வருகின்றது. பெரியோர்களுக்கு ஒரு சொல்: உங்கள் கைத்தொலைபேசியிலும், அணுகல்தன்மை என்ற பகுதியில், உருப்பெருக்கி இருக்கின்றது. இங்கிருக்கும் இளைஞர் ஒருவரைப் பிடித்து இன்றே திறந்து வாங்குங்கள்.

உரைகல்லும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. எழுத்தின் விளிம்பிலே கணினி இடைநிறங்களைப் பூசி வழவழப்பாக்குகின்றது. அங்கே தொட்டால் பிழையான எண் வரும். கோட்டின் நடுவிலே தொடவேண்டும். மெல்லிய எழுத்தாயின் நடுவும் வெளிறியே இருக்கும். அது கருவியின் பிழையன்று, எழுத்துத்தான் மெலிந்துவிட்டது. தடித்த எழுத்துக்கு மாறுங்கள். வட்ஸ்அப்பில் வந்த படத்திலே நிறம் எடுக்காதீர்கள். சுருக்கப்பட்ட படத்தில் அயல் நிறங்கள் கலந்திருக்கும். இரவு வெளிச்ச வசதி திரையை மஞ்சளாக்கியிருந்தாலும் கருவி பழைய எண்ணையே பெரும்பாலும் சொல்லும். அது கணக்கைப் பார்க்கின்றதேயன்றி ஒளியைப் பார்க்கவில்லை.

கோபுரத்துக்கு வர்ணம் தீட்டுபவர் சாரத்திலிருந்து இறங்கி, வீதியிலே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டே மறுபடி ஏறுகின்றார். திரையில் வரைபவரும் பெருக்கிப் பார்த்தபின், அதே படத்தைப் பழைய தொலைபேசி ஒன்றில், வெய்யிலில் நின்று, ஒரு தாத்தாவின் கையிற் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டு மலரின் அட்டைக்கு நிறம் தெரிவோர் மட்டும் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: திரையின் எண் ஒளிக்கு உரியது, அச்சின் மைக்கு வேறு கணக்கு. அதனை அச்சகத்தாரோடு இருந்து, மாதிரித் தாள் ஒன்று எடுத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.