மலையை வரைந்தவர் இல்லம்



புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கு அருகில் உள்ள ஆவூர் என் ஊர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை மிஷனைச் சேர்ந்த ஐரோப்பியக் குருமார் வந்து தங்கித் தேவாலயம் எழுப்பிய ஊர் அது. ஆகையால், தொலைதூர நாட்டார் ஒருவர் நம் மண்ணிலேயே தங்கிவிட்டார் என்று கேட்டால் எங்கள் ஊரார் வியப்பதில்லை. தங்கியிருந்து என்ன செய்தார் என்றுதான் கேட்பார்கள். ருஷ்ய நாட்டில் பிறந்து இமயச் சாரலில் மறைந்த நிக்கோலஸ் ரோரிக் என்னும் ஓவியரைப் பற்றி அந்தக் கேள்விக்கே இன்று விடை சொல்ல விழைகிறேன்.

இமாசலப் பிரதேசத்தில், பியாஸ் ஆறு பாயும் குலுப் பள்ளத்தாக்கின் மேலே, நக்கர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே தேவதாரு மரங்களுக்கிடையே ரோரிக் குடும்பத்தார் வாழ்ந்த வீடுதான் இன்றைய காட்சிசாலை. நான் அங்குச் சென்றபோது பெரிய மண்டபங்களை எதிர்பார்த்தேன். கண்டதோ, கீழ்த்தளத்துச் சில அறைகளில் ரோரிக்கும் அவர் மகன் சுவெதோஸ்லாவும் தீட்டிய ஓவியங்களே. மேல்தளத்து அறைகளை வெளியே நின்று சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். விரைவாக நடப்பவர் அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

ஆனால், விரைவாக நடக்கக் கால்கள் இசைவதில்லை. நீலம், ஊதா, செம்மை என அடுக்கடுக்காய் எழும் சிகரங்கள், இடையே மூடுபனி, அடிவாரத்தில் எறும்பளவாய் ஒரு மனிதன். ரோரிக் பெரிதும் கையாண்டது டெம்பரா முறை. அதன் வண்ணங்கள் எண்ணெய் வண்ணம்போல் பளபளப்பதில்லை. உலர்ந்தபின் அமைதியாக ஒளிர்கின்றன. பாறையின் பிளவுகளையும் செடிகொடிகளையும் அவர் எண்ணி வரையவில்லை. மலையின் உருவத்தையும் அதன்மேல் படியும் ஒளியையுமே வரைந்தார். மலை அவருக்குக் கல்லும் பனியும் மட்டுமன்று. மனிதன் தன் உள்ளத்தை உயர்த்திக்கொள்ளும் இடம்.

இது சாய்வு நாற்காலியில் பிறந்த கனவன்று. 1874ஆம் ஆண்டில் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த ரோரிக், சட்டமும் ஓவியமும் ஒருங்கே பயின்றவர். 1913இல் பாரிஸ் மேடையில் ஸ்ட்ராவின்ஸ்கியின் நாட்டிய நாடகத்துக்குக் காட்சித் திரைகளும் உடைகளும் அமைத்துப் புகழ்பெற்றவர். 1923இல் இந்தியா வந்தார். 1925 முதல் 1928 வரை லடாக், அல்தாய், மங்கோலியா, திபெத்து எனப் பயணம் செய்தார். அப்பயணத்தில், திபெத்து அதிகாரிகள் வழிமறித்ததால், கடுங்குளிரில் கூடாரங்களில் ஐந்து மாதம் கிடக்க நேர்ந்தது. உடன் வந்தவருள் ஐவர் மாண்டனர். விலங்குகள் பல மடிந்தன. மலையின் கொடுமையை அப்படி அறிந்தவர்தாம் அதன் அமைதியைத் தொடர்ந்து வரைந்தார். பின்னர் நக்கரில் குடியேறினார். மூலிகைகளையும் திபெத்து மொழியையும் ஆராய ‘உருஸ்வதி’ என்னும் நிலையத்தை அங்கே குடும்பத்தாருடன் நடத்தினார். 1947 டிசம்பரில் அவர் மறைந்தபோது உடல் அங்கேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

அவர் செய்த இன்னொரு பணியும் உண்டு. மருத்துவமனையைப் போரில் காக்கச் செஞ்சிலுவை இருப்பதுபோல், கலைக்கூடத்தையும் கல்விக்கூடத்தையும் காக்க ஒரு கொடி வேண்டும் என்றார். வெள்ளைத் துணியில் செந்நிற வட்டம். அதனுள் மூன்று செந்நிறப் புள்ளிகள். அக்கருத்தைக் கொண்ட உடன்படிக்கையில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1935 ஏப்ரல் 15ஆம் நாள் வாஷிங்டனில் கையெழுத்திட்டன. பண்பாட்டுச் செல்வங்களைக் காக்க 1954இல் ஹேக் நகரில் உருவான ஒப்பந்தம் இதனை முன்னோடியாகக் குறிப்பிடுகிறது.

விந்தை என்னவென்றால், உலகின் கலைச்செல்வத்தைக் காக்க முயன்றவரால் தம் பெயரால் எழுந்த மாளிகையைக் காத்துக்கொள்ள முடியவில்லை. 1929இல் நியூயார்க்கில் அவர் ஓவியங்களுக்காக வானளாவிய கட்டடம் ஒன்று எழுந்தது. ஆதரவாளரோடு நேர்ந்த பிணக்கால் சில ஆண்டுகளிலேயே அது கைவிட்டுப் போயிற்று. ஓவியங்களை நேசித்த அன்பர்கள் சிலர், 1949 முதல் அதே நகரில் ஒரு சிறு வீட்டில் அவற்றை வைத்துப் பேணினார்கள். அந்த வீடுதான் நிலைத்தது. நக்கரில் நிலைத்ததும் ஒரு வீடுதான்.

இதிலிருந்து நான் உணர்ந்தது இதுவே: கலையைக் காப்பது கட்டடத்தின் உயரமும் அன்று, சட்டத்தின் வலிமை மட்டுமும் அன்று, அதன் அருமை தெரிந்த சிலருடைய கண்கள்.

நண்பர்களே, இமயம்வரை செல்ல உங்களுக்கு இப்போது வாய்ப்பில்லாமல் இருக்கலாம். எங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு வாருங்கள். அங்கே மலை ஓவியத்தில் இல்லை. ஓவியம் மலையில் இருக்கிறது. குடைவரையின் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைப் பொய்கை இன்னும் மலர்ந்திருக்கிறது. காலமும் மனிதரின் கவனக்குறைவும் அதில் பெரும்பகுதியை அழித்துவிட்டன. எஞ்சியதன்முன் சிறிது நேரம் பேசாமல் நில்லுங்கள். தொடாதீர்கள், சுவரில் பெயர் கீறாதீர்கள், கீற முனையும் தோழனின் கையை அன்போடு தடுத்துவிடுங்கள். மூன்று புள்ளிக் கொடி அங்கே பறக்கத் தேவையில்லை. அக்கொடியின் பொருள் அறிந்த நீங்கள் அங்கே நின்றால் போதும்.