சந்தேகத்தின் பலன் யாருக்கு?

(தொழிலாளர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



சந்தேகத்தின் பலன் எதிரிக்கே உரியது என்று மன்றிலே வாதாடிப் பிழைப்பவன் நான். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மனிதனுக்கு அந்தக் கோட்பாடு உயிர்க்கவசம். ஆனால், அதே பலனை ஓர் ஆலையின் கழிவுநீருக்கு வழங்கினால் என்ன நேரும்? அதற்கான விடை யப்பான் நாட்டிலே, கியூஷூத் தீவின் கரையிலே, மினமாட்டா என்னும் ஊரிலே இருக்கிறது.

1932 ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் சிசோ கம்பனியின் ஆலை அசற்றல்டிகைட்டு என்னும் இரசாயனப் பொருளை உற்பத்தி செய்தது. அதற்கு ஊக்கியாகப் பாதரசம் பயன்பட்டது. அவ்வேலையின்போது மெதயில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சும் தோன்றிக் கழிவுநீரோடு விரிகுடாவிற் கலந்தது. நீரில் அது அற்பம், நுண்ணுயிரில் சற்று மிகுதி, சிறுமீனில் மேலும் மிகுதி, பெருமீனிலோ பன்மடங்கு! கடல் நஞ்சைக் கரைத்துவிடும் என நம்பினார்கள். கடலோ அதனைத் திரட்டி, மீனவர் குடிசையின் உணவுத் தட்டிலே கொண்டுவந்து வைத்தது.

முதலிற் பூனைகள் வெறிகொண்டு ஆடின. சில கடலில் வீழ்ந்து மடிந்தன. பின்னர் மனிதரின் முறை வந்தது. கைகால் மரத்தது, நாக்குக் குழறியது, பார்வை ஒடுங்கியது, நடை தள்ளாடியது. 1956 மே 1 ஆம் நாள், கம்பனியின் சொந்த வைத்தியசாலைத் தலைவரான வைத்தியர் ஹொசொகாவா, காரணம் அறியாத மூளை நோயொன்று பரவுகிறது என்று சுகாதாரப் பகுதிக்கு அறிவித்தார்.

குமமோட்டோப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மங்கனீசு, செலீனியம், தாலியம் என ஒவ்வோர் உலோகமாக ஐயுற்றுச் சோதித்தார்கள். 1959 யூலையிலே, சேதனப் பாதரசமே காரணம் என்று அறிவித்தார்கள். கம்பனியின் மறுமொழி என்ன? "இன்னும் எண்பிக்கப்படவில்லை!" போர்க்காலத்தில் கடலில் எறிந்த வெடிமருந்தே காரணம் என்று இரசாயனத் தொழிலதிபர் சங்கத்தார் ஒரு கதையும் கட்டினார்கள். சந்தேகம் எழுப்பப்பட்டது, சந்தேகத்தின் நிழலிலே கழிவுநீர் தொடர்ந்து பாய்ந்தது.

இனி நான் சொல்லப்போவது நெஞ்சைச் சுடும் செய்தி. அதே ஆண்டு ஒக்ரோபரில், வைத்தியர் ஹொசொகாவா ஆலையின் கழிவுநீரை உணவிற் கலந்து ஊட்டிய பூனையொன்றுக்கு அதே நோய் கண்டது. 400 ஆம் இலக்கப் பூனை என இன்று உலகம் அதனை அறியும். நிருவாகம் அம்முடிவை வெளியிடவில்லை. அச்சோதனையைத் தொடரவும் விடவில்லை. ஆகவே, "எண்பிக்கப்படவில்லை" என்று வெளியே முழங்கியவர்களின் பெட்டிக்குள்ளேதான் சான்று பூட்டிக் கிடந்தது!

அவ்வாண்டு டிசம்பர் 30 ஆம் நாள் நோயாளரிடம் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பம் வாங்கினார்கள். வளர்ந்த நோயாளிக்கு ஆண்டுக்கு 1 இலட்சம் யென். இறந்தவருக்கு 3 இலட்சம் யென். பெயரோ நட்டஈடு அன்று, அனுதாபப் பணம்! ஆலையே காரணம் என்று பின்னர் தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை என்ற வாசகமும் அதில் இருந்தது. மீன் விற்க வழியில்லை, வீட்டிலே நோயாளி, மறுநாள் ஆண்டின் கடைசி நாள். பட்டினி பிடித்த கையொப்பம் அது!

தாமதத்தின் விலையைக் கேளுங்கள். நஞ்சுக்கொடி கருவைக் காக்கும் என்று வைத்தியம் நம்பியிருந்தது. மினமாட்டாவிலோ மீனை வாயில் வைத்தறியாத சிசுக்கள் தாய் வயிற்றிலேயே நோயுற்றுப் பிறந்தன. 1962 இலேதான் அவ்வுண்மை ஏற்றுக்கொள்ளப்பட்டது. யப்பானியக் குடும்பங்கள் பிள்ளையின் தொப்புட்கொடியை உலர்த்திப் பேணுவது வழக்கம். பின்னாளில் அக்கொடிகளே அந்நஞ்சுக்குச் சாட்சி கூறின. 1965 இல் நீகாட்டாப் பகுதியிலே, வேறொரு கம்பனியின் கழிவால் இதே நோய் மறுபடி தோன்றியது. முதலூரின் உண்மையை உரிய வேளையில் ஏற்றிருந்தால், இரண்டாம் ஊர் தப்பியிருக்கலாம் அல்லவா?

சிசோ ஆலை 1968 மே மாதம் அவ்வுற்பத்தியை நிறுத்தியது. உற்பத்தி நின்ற பின்னர், செப்ரெம்பரிலேதான், அரசாங்கம் காரணத்தை ஒப்புக்கொண்டது! பன்னிரண்டு ஆண்டுகள் சந்தேகத்தின் பலனை ஆலை உண்டது. நஞ்சை மக்கள் உண்டார்கள்.

1969 இல் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். புற்றுநோயால் படுக்கையிற் கிடந்த ஹொசொகாவா, 1970 இல் அந்தப் படுக்கையிலிருந்தே பூனையின் உண்மையைச் சாட்சியமாக உரைத்தார், அவ்வாண்டே இறந்தார். 1973 மார்ச்சு 20 ஆம் நாள் குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எந்த நஞ்சு என்று முன்கூட்டித் தெரியாது என்பது தப்பும் வழியன்று. கழிவை வெளியேற்றுபவனே அதன் தீங்கின்மையை ஆராய்ந்து உறுதி செய்யவேண்டும். ஐயம் எழுந்தால் உடனே நிறுத்தவேண்டும். அனுதாபப் பண உடன்படிக்கை பொது ஒழுங்குக்கும் நல்லொழுக்கத்துக்கும் முரணானது, ஆகவே செல்லாது. நோயாளர் ஒவ்வொருவருக்கும் 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் யென் வரை வழங்குமாறு மன்று கட்டளையிட்டது.

தோழர்களே! பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கை 2013 இல் உருவாகி, 2017 இல் நடைமுறைக்கு வந்தபோது, மினமாட்டாவின் பெயரையே தாங்கியது. அப்பெயரை வெறும் நினைவாகக் கொண்டால் போதாது. ஆலையின் சோதனை முடிவுகள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். வறுமையிலே பெற்ற கையொப்பம் உரிமையைப் பறிக்கலாகாது. கூண்டில் நிற்கும் மனிதனுக்குச் சந்தேகத்தின் பலனைத் தாராளமாகக் கொடுங்கள். நான் அதற்காக இன்னும் வாதாடுவேன். ஆனால் குழாயில் ஓடும் கழிவுநீர் மனிதனன்று. அங்கே சந்தேகத்தின் பலன், கரையிலே மீனுண்டு வாழும் தாய்க்கும் அவள் வயிற்றுப் பிள்ளைக்குமே உரியது!