திண்ணையில் படித்ததும் கணக்கில் ஏறும்

பெருந்துறையில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, ராத்திரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் ஒரு பாடம் கேட்கிறது. அந்தப் படிப்பும் பட்டப்படிப்பில் சேரும். ஆமாங்க, சேரும்.

மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017 முதல் நடக்கிறது. ஐஐடி பேராசிரியர்களே பாடம் எடுக்கிறார்கள். கேட்கக் காசு வேண்டாம். தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். தேறினால் பட்டப்படிப்பில் சேரும் 'கிரெடிட்' கிடைக்கும்.

பால் சொசைட்டியில் காலையும் மாலையும் ஊற்றுகிற பால் அட்டையில் ஏறும். பணம் பிற்பாடு மொத்தமாக வரும். கிரெடிட்டும் அப்படித்தான். அது ஏறுகிற அட்டைக்குப் பெயர் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்'. 2021-இல் வந்தது. குடும்பக் கஷ்டத்தில் படிப்பு இடையில் நின்றாலும், ஏறிய கிரெடிட் ஏழு வருஷம் வரை செல்லும்.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, தொழிலில் கற்றதையும் கணக்கில் எடுக்க வழி சொல்கிறது. ஆனால் முறையாக மதிப்பிட்ட பிறகுதான். சிப்காட் தொழிற்பேட்டையில் பத்து வருஷம் சாயம் கலக்கியவருக்குத் தெரிந்தது கொஞ்சமா? அதற்கும் மதிப்பு வரட்டும்.

ஒன்றை மறக்காதீங்க. எந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தருவது என்பது கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் கையில். ஸ்வயத்தில் பதியும் முன்பே துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள். படித்து முடித்த பிறகு கேட்டால் நேரம் போய்விடும்.