ஸ்பிரிங்கை இறக்கியாச்சு, பம்ப் ஸ்டாப்பை அறுக்கலாமா?

காரை லோயர் பண்றதைப் பத்திப் பேச்சு வந்தா முதல் கேள்வி, "எத்தனை மில்லிமீட்டர் இறங்கும்?" அடுத்த கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" பம்ப் ஸ்டாப்பைப் பத்தி யாரும் கேட்கிறதே இல்லை. இன்னிக்கு அதைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன்.

பம்ப் ஸ்டாப்ங்கிறது ஷாக் அப்சார்பர் ராடுல கோத்திருக்கிற ஒரு சின்ன உருளை. சில கார்கள்ல பின்பக்க ஸ்பிரிங்குக்கு உள்ளேயே இருக்கும். மெக்கானிக்குங்க 'பம்ப் ரப்பர்'னு சொல்வாங்க. ஆனா இன்னிக்கு வர்ற பெரும்பாலான கார்கள்ல அது ரப்பர் இல்லை, நுண்ணிய காற்றறைகள் நிறைஞ்ச பாலியூரித்தேன். வண்டி பள்ளத்துல விழுந்து, ஸ்பிரிங் கடைசி வரைக்கும் அமுங்கப் போற நேரத்துல, இரும்பும் இரும்பும் மோதாம நடுவுல நின்னு அடியை வாங்கிக்கிறது இதுதான்.

நான் விருத்தாசலத்துக்காரன். நெய்வேலிச் சுரங்கத்துல கிடைக்கிற வெள்ளைக் களிமண் பக்கத்துலயே இருக்கிறதால பீங்கான் தொழில் வளர்ந்த ஊர். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கு, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிற அரசு நிறுவனமும் இருக்கு. பீங்கான் சாமானை வைக்கோல் வச்சுக் கட்டுறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. வைக்கோல் முதல்ல மெதுவா அமுங்கும், அமுங்க அமுங்க இறுகும். அதனால பெட்டி கீழே விழுந்தாலும் உள்ள இருக்கிற சாமான் சட்டுனு நிக்காது, கொஞ்சம் கொஞ்சமா நிக்கும். பம்ப் ஸ்டாப் செய்யறதும் இதேதான். அதோட நுனி மெலிசா, கூம்பா இருக்கிறதே அந்த முதல் மென்மைக்காகத்தான்.

இப்போ கதைக்கு வர்றேன். வார இறுதியில நண்பரோட ஷெட்ல நானும் வேலை பார்ப்பேன். அங்கே ஒரு தம்பி தன்னோட ஹேட்ச்பேக்கைக் கொண்டுவந்தான். வேற ஒரு இடத்துல 35 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங் போட்டிருந்தான். பார்க்க அழகாத்தான் இருந்தது. ஆனா அவன் அம்மாவுக்கு முதுகுத்தண்டுல டிஸ்க் பிரச்சினை. மாசம் ஒருதடவை புதுச்சேரி ஜிப்மருக்கு அதே கார்ல கூட்டிட்டுப் போகணும். "பின்னாடி உட்கார்ந்தா அம்மா ஒவ்வொரு வேகத்தடைக்கும் கத்துறாங்கண்ணே. பம்ப் ஸ்டாப்பைப் பாதியா அறுத்தா சரியாயிடும்னு சொன்னாங்க. அறுத்துக் குடுங்கண்ணே" என்றான்.

நான் பிளேடை எடுக்கல, டேப்பை எடுத்தேன். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்றேன். எளிமைக்காக, சக்கரமும் ஷாக்கும் ஒரே அளவு நகருதுன்னும், பம்ப் ஸ்டாப் மூணுல ஒரு பங்கா நசுங்கும்னும் வச்சுக்குவோம்.

கம்பெனி ஸ்பிரிங்கோட, வண்டி காலியா நிக்கும்போது, பம்ப் ஸ்டாப்பைத் தொட 40 மி.மீ. இடைவெளி. பம்ப் ஸ்டாப்போட நீளம் 55. அது 18 வரைக்கும் நசுங்கும், அதாவது 37 மி.மீ. மெத்தை. மொத்தம் 77 மி.மீ. பயணம்.

35 இறக்கினதும் இடைவெளி வெறும் 5. பின்சீட்டுல ரெண்டு பேர், டிக்கியில ஒரு பை வச்சுப் பார்த்தோம். பின்பக்கம் இன்னும் 25 மி.மீ. இறங்கிச்சு. அப்படின்னா வண்டி நிக்கும்போதே பம்ப் ஸ்டாப் மேல உட்கார்ந்திருக்கு. அம்மா உட்கார்ந்து போனது ஸ்பிரிங் மேல இல்லை, பம்ப் ஸ்டாப் மேல.

சரி, 35 மி.மீ. அறுத்துட்டா? இடைவெளி மறுபடியும் 40 ஆயிடும். தம்பி கேட்டதும் இதைத்தான். ஆனா மிச்சம் இருக்கிற 20 மி.மீ. துண்டு 7 வரைக்கும் நசுங்கும். மெத்தை 37லேர்ந்து 13க்கு வந்துடுச்சு. அதே அடியை இப்போ அந்த 13 மி.மீ.க்குள்ள நிறுத்தியாகணும். அதோட சக்கரம் முன்னைவிட 11 மி.மீ. கூடுதலா மேல ஏறும்.

அந்த 11 மி.மீ.க்கு இடம் இருக்கான்னுதான் அடுத்து பார்க்கணும். ஸ்பிரிங்கையும் பம்ப் ஸ்டாப்பையும் கழட்டிட்டு, வண்டியை ஸ்டாண்டுல பத்திரமா நிறுத்தி, ஜாக்கியால சக்கரத்தை மேல தூக்கினோம். டயர் எங்கே உள்தகட்டைத் தொடுது, ஷாக் எங்கே கடைசிக்குப் போய் நிக்குது, ரெண்டையும் குறிச்சோம். எது முதல்ல வருதோ அதுதான் எல்லை. தம்பியோட கார்ல டயர்தான் முதல்ல. பழைய பம்ப் ஸ்டாப் முழுசா நசுங்கற இடத்துக்கு மேல 8 மி.மீ.தான் இருந்தது. முன்சக்கரமா இருந்தா ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சும் பார்க்கணும்.

எல்லாத்தையும் திரும்ப மாட்டினதுக்கு அப்புறம் இன்னொரு சோதனை. சக்கர வளைவுக்கு உள்ளே, எந்த நகரும் பாகத்திலும் படாத இடத்துல, ஈரக் களிமண்ணை ஒட்டி, ஒரு வேகத்தடையில மெதுவா ஏத்தி இறக்கினோம். எங்க ஊர்ல களிமண்ணுக்குப் பஞ்சமா? டயர் எவ்வளவு கிட்ட வந்ததுன்னு களிமண் காட்டிடும். ஷாக் ராடுல ஒரு கேபிள் டை மாட்டினா, அது எவ்வளவு தூரம் அமுங்குச்சுன்னு தெரியும்.

15 மி.மீ. மட்டும் அறுத்தா டயருக்கு இடம் இருக்கும், ஆனா இடைவெளி 20தான். ஆள் ஏறினா 25 இறங்குது. மறுபடியும் பம்ப் ஸ்டாப் மேலதான் உட்காரும். 35 அறுத்தா டயர் இடிக்கும். இவன் வண்டிக்கு, இவன் ஏத்துற ஆளுங்களுக்கு, எந்த அளவு அறுத்தாலும் ஒத்துவராது.

அப்போ பம்ப் ஸ்டாப்பை அறுக்கவே கூடாதான்னா, அப்படியும் இல்லை. நல்ல ஸ்பிரிங் கம்பெனிகள், இந்த மாடலுக்கு இத்தனை மி.மீ. குறைக்கணும்னு குறிப்பேட்டுலயே சொல்லும். சில மாடலுக்குத் தொடாதேன்னு இருக்கும், சிலதுக்குக் குட்டையான பம்ப் ஸ்டாப்பையே சேர்த்துக் கொடுக்கும். அது சொல்றபடி செய்யுங்க. பொதுவா கூம்பு நுனியை விட்டுட்டு, தட்டையான பக்கத்துலதான் எடுப்பாங்க. கூரான பிளேடால நேரா வெட்டணும், இடமும் வலமும் ஒரே அளவு இருக்கணும். பம்ப் ஸ்டாப்பை மொத்தமா தூக்கிப் போடறது மட்டும் எந்த வண்டிக்கும் வேண்டாம்.

"இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓடுற காரெல்லாம் தாழ்வாத்தானே இருக்கு?" என்றான் தம்பி. ரேஸ் கார்ல பம்ப் ஸ்டாப்பையே இன்னொரு ஸ்பிரிங்கா வச்சு டியூன் பண்றதும் உண்டு. ஆனா அங்கே தரை சமம், ஒரே ஒரு டிரைவர், டிக்கியில பை கிடையாது. நம்ம ரோடு வேற. இந்திய சாலை காங்கிரஸோட ஐஆர்சி 99 விதிமுறை, அதோட 1988 பதிப்புல, 25 கி.மீ. வேகத்துல கடக்கிற வேகத்தடைக்கு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம்னு சொல்லிச்சு. நம்ம தெருவுல ராத்திரியோட ராத்திரியா முளைக்கிறது எதுவும் அந்த அகலத்துல இல்லை.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொல்லியிருக்கு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டுமே விதிக்கச் சட்டத்துல இடமிருக்கு.

கணக்கைக் காட்டினதும் தம்பி ரொம்ப நேரம் பேசல. ரெண்டு மாசச் சம்பளம் போட்டு வாங்கின ஸ்பிரிங். நான் வற்புறுத்தல. அப்புறம் அவனே, "பழைய ஸ்பிரிங் வீட்டுலதான் இருக்குண்ணே, எடுத்துட்டு வர்றேன்"னான். நாலு ஸ்பிரிங்கும் மாட்டினோம், பம்ப் ஸ்டாப்பைத் தொடவே இல்லை. அடுத்த தடவை ஜிப்மர் போய்ட்டு வந்தப்போ அம்மா வழியில தூங்கிட்டாங்களாம்.

நீங்க லோயர் பண்றதா இருந்தா, முதல்ல வீட்டு ஆளுங்களைப் பின்னாடி உட்கார வச்சு, வண்டி எவ்வளவு இறங்குதுன்னு டேப் வச்சு அளந்து பாருங்க. ஸ்பிரிங் ஆர்டர் பண்றதெல்லாம் அப்புறம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.